ஆவி அடங்கும்வரை பொறுங்கள்: வீட்டில் வாஃபிள் சுடக் கற்பவர்களுக்கு

"அத்தை, கருகுகிறது போலிருக்கிறது. நிறுத்திவிடட்டுமா?"

வாஃபிள் மேக்கரின் மூடி இடுக்கிலிருந்து வெள்ளை வெள்ளையாக வந்ததைப் பார்த்து என் அண்ணன் மகன் பதறினான். திருநெல்வேலியிலிருந்து வேலைக்காகப் பெங்களூர் வந்து, அல்சூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நண்பர்களோடு தங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். "புகை இல்லையப்பா, ஆவி. அது அடங்கும்வரை மூடியில் கை வைக்காதே" என்றேன். மூன்று நிமிடம் கழித்து அவனே திறந்தான். பொன்னிறமாக, முழுசாக, தட்டில் ஒரு துணுக்குகூட ஒட்டாமல் வந்தது.

வாஃபிள் சுடுவதில் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பாதி அந்த மூன்று நிமிடத்துக்குள் இருக்கிறது. மீதிப் பாதியை, அவனைப் போல இந்த ஊருக்குப் புதிதாக வந்து, ஒற்றை அடுப்பும் ஒரு மிக்ஸியுமாகச் சமையல் தொடங்கியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கடையில் வாங்கும் வாஃபிள் பெட்டிக்குள் பத்து நிமிடம் இருந்தாலே துவண்டுவிடும். மேலே ஊற்றிய சாக்லேட்தான் நாக்கில் நிற்கும். வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சுபோலவும் இருக்கும் வாஃபிளை, சுட்ட கையோடு, சுட்ட இடத்திலேயே தின்றால்தான் அதன் அருமை தெரியும். அதற்கு வீட்டை விட்டால் வேறு வழியில்லை.

தோசைக்கு ஒரு கல் போதும். வாஃபிளுக்கு இரண்டு சூடான தகடுகள் வேண்டும். நடுவில் மாவை ஊற்றி மூடினால் இரு பக்கமும் ஒன்றாக வேகும். ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே நீண்ட கைப்பிடியுள்ள இரும்புத் தகடுகளை நெருப்பின்மேல் பிடித்து இதைச் சுட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் டிராய் நகரத்தைச் சேர்ந்த கொர்னீலியஸ் ஸ்வார்ட்அவுட், அடுப்பின்மேல் வைத்துத் திருப்பிப் போடும் அச்சு ஒன்றுக்கு 1869 ஆகஸ்ட் 24 அன்று காப்புரிமை பெற்றார். ஆழமான குழிகள் கொண்ட பெல்ஜிய வகை, 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவில் பெரிதும் பரவியது. பெயர் டச்சு மொழியிலிருந்து வந்தது. தேனடையைக் குறிக்கும் பழைய சொல்லுக்கு அது உறவு என்பார்கள். கட்டம் கட்டமான அந்தக் குழிகளைப் பார்த்தால் பொருத்தம் புரியும். காய்ந்த இரும்பு அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் விடும் அச்சு முறுக்கு நம் வீடுகளில் உண்டல்லவா? சூடான அச்சு மாவைப் பிடித்துக்கொள்வதும், பக்குவம் வந்ததும் தானே விட்டுவிடுவதும் இரண்டுக்கும் பொது.

எந்தக் கருவியை வாங்குவது

ரொட்டியை முக்கோணமாக அழுத்தும் சாண்ட்விச் டோஸ்டரில் வாஃபிள் வராது. தகடு மாற்றும் வசதியுள்ள கருவிகளில் வாஃபிள் தகடும் கிடைக்கிறது. அவற்றில் குழி ஆழம் குறைவாக இருப்பதால் மெல்லிய வாஃபிள்தான் வரும். ஆனாலும் இடம் குறைந்த சமையலறைக்கு அது போதும் என்பது என் எண்ணம். தனி வாஃபிள் மேக்கர் வாங்குவதென்றால் ஆழமான குழி, சூடு ஏறியதைக் காட்டும் விளக்கு, மூன்று முள் பிளக் ஆகிய மூன்றையும் பாருங்கள். 750 முதல் 1000 வாட் வரை உள்ளது வீட்டுக்குச் சரி. அதற்குக் குறைந்தால் தகடு வேண்டிய சூட்டைப் பிடிப்பதற்குள் மாவு வெந்து வெளுத்துவிடும்.

வாடகை வீடுகளில் ஒரு எச்சரிக்கை. 1000 வாட் கருவி 230 வோல்ட்டில் நான்கு ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயிண்டே தாங்கும். ஆனால் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கெட்டிலையும் மிக்ஸியையும் சேர்த்துச் செருகாதீர்கள். மின்சாரம் அடிக்கடி போகும் பகுதி என்றால், அடுப்பில் வைக்கும் வார்ப்பு அலுமினிய அச்சு நல்லது. அதில் மட்டும் நடுவில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும்.

மாவுக்கு வேண்டியவை

ஐந்து வாஃபிளுக்கு நான் எடுக்கும் அளவு இது. கப் என்பது 240 மில்லி அளவுக் கப்.

மைதா: ஒன்றரை கப் (180 கிராம்)
அரிசி மாவு: கால் கப்
சர்க்கரை: ஒன்றரை மேசைக்கரண்டி
பேக்கிங் பவுடர்: 2 தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைய
உப்பு: அரைத் தேக்கரண்டி (உப்பு வெண்ணெய் என்றால் கால்)
முட்டை: 2
பால்: ஒன்றேகால் கப் (300 மில்லி)
உருக்கிய வெண்ணெய்: 80 கிராம்
ஏலக்காய்ப் பொடி: ஒரு சிட்டிகை, அல்லது வெனிலா ஒரு தேக்கரண்டி

அரிசி மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகளில் இந்த இடத்தில் சோள மாவு (கார்ன்ஃப்ளார்) இருக்கும். மைதாவின் புரதம் இழுவையைத் தரும். அதில் கொஞ்சத்தைக் குறைத்து மாவுச்சத்தைக் கூட்டினால் மொறுமொறுப்பு வரும். அந்த வேலையை நம் வீட்டு அரிசி மாவு இன்னும் நன்றாகவே செய்கிறது. ரவா தோசையில் அரிசி மாவு சேர்ப்பவர்களுக்கு இது புதிதில்லை.

சர்க்கரையைக் கூட்டாதீர்கள். அது தகட்டில் உருகி ஒட்டும். வாஃபிள் உள்ளே வேகுமுன் வெளியே கறுத்துவிடும். இனிப்பு மேலே ஊற்றுவதில் வரட்டும். வெண்ணெயைக் குறைக்காதீர்கள். 80 கிராமா என்று மலைக்கிறவர்கள் உண்டு. குறைத்தால் கிடைப்பது கட்டம் போட்ட ரொட்டிதான். நெய்யும் பயன்படுத்தலாம். அதில் தண்ணீர் இல்லாததால் மொறுமொறுப்பு கூடும், 65 கிராம் போதும். நெய் மணம் வாஃபிளுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை ஒருமுறை செய்து பாருங்கள்.

பேக்கிங் பவுடரை ஏன் சற்றுக் குறைக்கிறேன் என்றால், பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர்கூட இங்கே ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றழுத்தம் குறைந்த இடத்தில் மாவுக்குள் உருவாகும் வாயு சற்று அதிகமாக விரியும். சென்னையில் முழுதாக இரண்டு தேக்கரண்டி போடுபவர்கள் இங்கே ஒன்றே முக்கால் போட்டால் போதும். கூடினால் வாஃபிள் பொங்கி எழுந்து பிறகு அமுங்கும், நாக்கில் கசப்பும் தங்கும். டப்பா பழையது என்றால் அரைத் தேக்கரண்டியை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். சுறுசுறுவென நுரைத்தால் நல்லது. மழைக்கால ஈரத்தில் கட்டிபிடித்துக் கிடப்பதைத் தூக்கி எறியுங்கள்.

கடைக்குப் போகும்போது உதவும் ஒன்று: தமிழில் வகரத்தில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் பகரத்தில் தொடங்கும். வெண்ணெய் 'பெண்ணெ' ஆகும், வெல்லம் 'பெல்ல' ஆகும், வாழை 'பாளெ' ஆகும். வாஃபிளுக்கு வேண்டிய மூன்றுமே அதில் வந்துவிட்டன. சிவாஜிநகர், அல்சூர்ப் பக்கம் தமிழிலேயே கேட்கலாம். ஆனாலும் கடைக்காரரிடம் அவர் மொழியில் ஒரு சொல் கேட்டால் அவர் முகம் மலரும். நல்ல பழத்தைப் பொறுக்கித் தருவார்.

கரைப்பது

தோசை மாவைக் கையால் அடித்துக் கரைத்துப் பழகிய நமக்கு இங்கேதான் தவறு நேர்கிறது. அரிசியிலும் உளுந்திலும் இழுவைப் புரதம் இல்லை, எவ்வளவு அடித்தாலும் கெடாது. கோதுமையிலிருந்து வரும் மைதா அப்படியில்லை. அடிக்க அடிக்க இழுவை கூடி, வாஃபிள் ரப்பர் போலாகிவிடும்.

உலர்ந்தவை எல்லாவற்றையும் அகலமான பாத்திரத்தில் போட்டு நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். இந்தக் கட்டத்தில் எவ்வளவு கலந்தாலும் குற்றமில்லை. வேறொரு பாத்திரத்தில் முட்டையின் மஞ்சள் கருவையும் பாலையும் அடித்து, உருக்கி ஆறவைத்த வெண்ணெயை ஊற்றுங்கள். பால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருக்கக் கூடாது. டிசம்பர் மாதத்துப் பெங்களூர்க் காலையில் குளிர்ந்த பாலில் வெண்ணெயை ஊற்றினால் மெழுகுத் துணுக்குகள் போல உறைந்து மிதக்கும். கை பொறுக்கும் வெதுவெதுப்பில் பால் இருக்கட்டும்.

இப்போது ஈரத்தை உலர்ந்ததில் ஊற்றி, கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் பத்துப் பன்னிரண்டு தடவை புரட்டுங்கள். மிளகு அளவுக் கட்டிகள் தெரியும். தெரியட்டும். கை துறுதுறுக்கும், கட்டுப்படுத்துங்கள். பத்து நிமிடம் ஊறினால் அவை தாமே கரையும்.

வெள்ளைக் கருவை ஏன் தனியே எடுத்தோம்? அதை நுரைக்க அடித்து, விஸ்க்கைத் தூக்கினால் முனை மெல்ல வளையும் பதம் வந்ததும் மாவில் மெதுவாகப் புரட்டிச் சேர்க்கலாம். உள்ளே பஞ்சு போன்ற மென்மை அதனால் வரும். ஐந்து நிமிடக் கைவலி உண்டு. அவசரமான நாளில் முட்டையை முழுதாகவே பாலில் அடித்துச் சேர்த்துவிடுங்கள், வாஃபிள் நன்றாகவே வரும். முதன்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். முதலில் சுடும் பக்குவம் கையில் வரட்டும்.

மாவின் பதம் இட்லி மாவுக்கும் தோசை மாவுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கரண்டியிலிருந்து பட்டையாக வழிய வேண்டும். நீர்த்தால் ஒரு மேசைக்கரண்டி மைதா, இறுகினால் ஒரு மேசைக்கரண்டி பால்.

சுடுவது

மாவு ஊறும் நேரத்திலேயே கருவியைச் சூடேற்றத் தொடங்குங்கள். சூடு ஏறிவிட்டதாக விளக்கு காட்டியதும் ஊற்றிவிடாதீர்கள், இன்னும் இரண்டு நிமிடம் விடுங்கள். விளக்கு ஓரிடத்துச் சூட்டைத்தான் சொல்கிறது. தகடு முழுவதும் சூடு பரவ நேரம் வேண்டும். தோசைக்கல்லில் நீர் தெளித்துப் பார்ப்பதுபோல இதில் தெளிக்காதீர்கள், உள்ளே மின்கம்பிகள் இருக்கின்றன. உள்ளங்கையைத் தகட்டுக்கு ஒரு சாண் மேலே நீட்டிப் பாருங்கள், அனல் முகத்தில் அறைவதுபோல் கையில் அறைய வேண்டும்.

மேலும் கீழும் எண்ணெயைப் பிரஷ்ஷால் மெல்லியதாகத் தடவுங்கள். டப்பாவிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். அதில் உள்ள லெசித்தின் என்ற கொழுப்புப் பொருள் சூட்டில் பிசினாகப் படிந்து, நான்ஸ்டிக் பூச்சின் வழுவழுப்பைக் கெடுத்துவிடும். பிறகு எது ஊற்றினாலும் ஒட்டும்.

மாவை நடுவில் ஊற்றுங்கள். ஓரம் வரை பரப்ப வேண்டாம், மூடியின் எடை பரப்பிவிடும். வட்டக் கருவிக்கு அரைக் கப் சரியாக இருக்கும். முதல் வாஃபிளில் வழிந்தால் அடுத்ததில் குறையுங்கள். உங்கள் கருவியின் அளவை அது ஒன்றே சொல்லிவிடும்.

மூடியதும் ஆவி வரத் தொடங்கும். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மேலே சொன்ன அளவில் பால், முட்டை, வெண்ணெய் எல்லாவற்றிலும் உள்ள நீரைச் சேர்த்தால் மாவின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர்தான். அதில் ஒரு பங்கு வெளியேறினால்தான் மேற்பரப்பு காயும். தண்ணீர் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு கொதிநிலையைத் தாண்டாது. அந்தச் சூட்டில் மாவு வேகும், சிவக்காது. நீர் வற்றிய பிறகே மேற்பரப்பின் சூடு ஏறி, பொன்னிறமும் மணமும் மொறுமொறுப்பும் வருகின்றன. ஆகவே ஆவி பலமாக வரும்போது வாஃபிள் இன்னும் அவிந்துகொண்டிருக்கிறது. அது மெலிந்து, நூல்போலாகி, நிற்கும் தறுவாயில்தான் உண்மையில் சுடத் தொடங்குகிறது.

நடுவில் திறந்தால் என்ன ஆகும்? மேல் தகட்டில் பாதியும் கீழ்த் தகட்டில் பாதியுமாக வாஃபிள் இரண்டாகப் பிளக்கும். புதிதில் எனக்கும் அப்படித்தான் ஆனது. குழிக்குள் ஒட்டிய மாவை மரக்குச்சியால் சுரண்டி எடுக்க அரை மணி நேரம் ஆனது. கருவி மோசம் என்று நினைத்தேன். காரணம் கருவியில் இல்லை, நான் இரண்டாவது நிமிடத்தில் மூடியைத் தூக்கியதில் இருந்தது. வெந்த வாஃபிள் சுருங்கித் தகட்டை விட்டுத் தானே விலகும். வேகாதது பிடித்துக்கொள்ளும்.

பெரும்பாலான கருவிகளில் நான்கு முதல் ஆறு நிமிடம் ஆகும். கடிகாரத்தைவிட ஆவியை நம்புங்கள். காதையும் நம்பலாம். முதலில் சளசளவென்று கேட்கும் ஓசை போகப் போகத் தணிந்து மெல்லிய சீறலாகும். ஆவி அடங்கியதும் மூடியை விரலால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். இழுத்துப் பிடித்தால் இன்னும் ஒரு நிமிடம். தடையின்றி எழுந்தால் தயார். மரக்குச்சியாலோ சிலிக்கோன் கரண்டியாலோ ஓரத்தில் நெம்பி எடுங்கள். கத்தியும் முள்கரண்டியும் தகட்டின் பக்கமே வரக் கூடாது.

அடுத்ததை ஊற்றுமுன் மூடியை மூடி ஒரு நிமிடம் சூடேற விடுங்கள். முதல் வாஃபிள் தகட்டின் சூட்டைக் குடித்திருக்கும். இரண்டாவது வெளுத்து வருவதாகச் சொல்பவர்கள் இந்த ஒரு நிமிடத்தைத் தவறவிட்டவர்களாகவே இருப்பார்கள்.

ஹாட்பேக்கில் வைக்காதீர்கள்

நம் வீடுகளில் சுட்டது எதுவானாலும் கை தானாக ஹாட்பேக்கைத் தேடும். சப்பாத்திக்கு அது சரி, அதன் மென்மையை ஆவி காக்கும். வாஃபிளை அதில் போட்டால், ஐந்து நிமிடம் காத்திருந்து வெளியேற்றிய ஈரம் முழுவதும் திரும்ப அதன்மேலேயே படியும். தட்டில் அடுக்கினாலும் அடிப்பக்கம் வியர்த்து நமுத்துவிடும்.

அப்பளம் சுடும் கம்பி வலை வீட்டில் இருக்கும். அதன்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள், கீழேயும் காற்று ஓடட்டும். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால், தோசைக்கல்லை மிக இளந்தீயில் வைத்து அதன்மேல் வலையை வைத்து வாஃபிளைக் காத்திருக்க வையுங்கள். பத்து நிமிடம் வரை மொறுமொறுப்பு போகாது. எங்கள் வீட்டில் சுடச்சுட ஒவ்வொருவராகச் சாப்பிடுவதே வழக்கம், தோசைக்கு இருப்பதுபோலவே.

மேலே என்ன

வெல்லப்பாகுதான் எனக்கு முதலில் நிற்கிறது. நூறு கிராம் வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, தேன் பதத்துக்கு முன்பே இறக்குங்கள். கம்பிப் பதம் வரை விட்டால் ஆறியதும் இறுகி, குழியில் இறங்காது. ஒரு சிட்டிகை உப்பும் சுக்குப் பொடியும் சேர்த்தால் மணம் மாறிவிடும். அதோடு சின்னச் சின்ன ஏலக்கி வாழைப்பழத்தை வட்டமாக நறுக்கிப் போட்டு, ஒரு துண்டு வெண்ணெயை மேலே வைத்தால் சூட்டில் அது உருகி ஒவ்வொரு குழியாக நிரம்பும்.

இந்த ஊர்ப் பழக்கடைகளில் 'பட்டர் ஃபுரூட்' என்று விற்கும் வெண்ணெய்ப் பழத்தை மசித்து, எலுமிச்சைச் சாறும் உப்பும் மிளகும் சேர்த்துத் தடவினால் காரம் விரும்புகிறவர்களுக்கு ஆகும். பாகோ பழமோ எதுவாக இருந்தாலும் தட்டுக்கு வந்த பிறகே போடுங்கள், முன்னதாக ஊற்றி வைத்தால் ஊறிப்போகும்.

முட்டை இல்லாமல், கேழ்வரகில், இட்லி மாவில்

முட்டை சேர்க்காத வீடுகளுக்கு: முட்டையையும் பாலையும் விட்டுவிட்டு, ஒரு கப் புளித்த தயிரையும் அரைக் கப் பாலையும் எடுங்கள். பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, ஆப்பச்சோடா அரைத் தேக்கரண்டி. தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்ததும் நுரைக்கத் தொடங்கும் என்பதால் இந்த மாவை ஐந்து நிமிடத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். கருவி சூடான பிறகு கரையுங்கள்.

கேழ்வரகு மாவை மைதாவில் மூன்றில் ஒரு பங்குக்குப் பதிலாகப் போடலாம். இழுவைப் புரதம் இல்லாத மாவு என்பதால் அதற்கு மேல் போனால் உதிரும். சர்க்கரைக்குப் பதில் வெல்லத் தூள் இதற்கு மிகப் பொருத்தம்.

மீந்த இட்லி மாவையும் சுடலாம். நேரே ஊற்றினால் ஒட்டும். இரண்டு கப் மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி ரவையும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் கலந்து, தகட்டில் வழக்கத்தைவிட அதிகம் எண்ணெய் தடவி, எட்டு நிமிடம் வரை விடுங்கள். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையைப் பொடியாக நறுக்கிச் சேர்த்துத் தேங்காய்ச் சட்னியோடு கொடுங்கள். ஊரிலிருந்து வந்த அம்மா வாஃபிள் என்றதும் தயங்கினார்கள். இதை மூன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

முடிந்த பிறகு

பிளக்கைப் பிடுங்கி, தகடு வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஈரத் துணியைப் பிழிந்து துடையுங்கள். குழிகளின் மூலையில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷின் மெல்லிய முடி நன்றாகப் போகும். குழாயடியில் காட்டவே கூடாது. துடைத்ததும் மூடியைத் திறந்தே வைத்து முழுதாக உலர விடுங்கள்.

மாவு மீந்தால் அடுத்த நாளைக்கு வைக்காதீர்கள், பேக்கிங் பவுடரின் வேகம் போய்விடும். எல்லாவற்றையும் சுட்டு, கம்பி வலையில் முற்றிலும் ஆறவைத்து, இடையிடையே தாள் வைத்து, காற்றுப் புகாத கவரில் ஃப்ரீசரில் வையுங்கள். சாப்பிடும் நாளில் உறைபனியோடு அப்படியே டோஸ்டரில் போடலாம். டோஸ்டர் இல்லையென்றால் தோசைக்கல்லில் இளந்தீயில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம். மைக்ரோவேவில் வைத்தால் துவண்டுவிடும். அண்ணன் மகன் இப்போது ஞாயிறன்று இரட்டை அளவு கரைத்து, நான்கு வாஃபிளைக் கட்டி எடுத்துப்போகிறான். ஒயிட்ஃபீல்டு பஸ்ஸைப் பிடிக்க அவன் ஏழு மணிக்குள் கிளம்ப வேண்டும். கல் காய்வதற்குள் குளித்துவிட்டு வந்து விடுகிறானாம்.